ஹட்டனிலிருந்து திருச்சிக்கு எந்த வழி? கட்டுநாயக்கவா, பலாலியா, சென்னைச் சுற்றா?

கொழும்புக்கு அருகே கட்டுநாயக்கவில் ஏறித் திருச்சியில் இறங்க, விமானத்துக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் போதும். ஹட்டனிலிருந்து கட்டுநாயக்கவுக்கு இறங்கவே நாலு, நாலரை மணித்தியாலம் வேண்டும். மலையகத்தில் இருந்து தமிழ்நாட்டுக்குப் போகிறவரின் நாள் பெரும்பாலும் தரையில்தான் கழிகிறது. அதனால் வான்வழித் தூரத்தையும் டிக்கெட் விலையையும் மட்டும் வைத்து வழியைத் தெரிவு செய்தால் கணக்குப் பிழைக்கும். வீட்டு வாசலில் பெட்டியைத் தூக்கும் நேரம் தொடங்கி, அக்கரையில் உறவுக்காரர் வீட்டுப் படி ஏறும் நேரம் வரை எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் யாருக்கு எந்த வழி சரிவரும் என்று பார்ப்போம்.

வானத்துக் கணக்கு

நேர்க்கோட்டில் அளந்தால் கட்டுநாயக்கவில் இருந்து சென்னை சுமார் 645 கி.மீ., திருச்சி சுமார் 420 கி.மீ., மதுரை சுமார் 355 கி.மீ. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் இருந்து சென்னையும் ஏறக்குறைய அதே 355 கி.மீ. பலாலி–திருச்சி 185 கி.மீ. அளவுதான். வரைபடத்தில் கட்டுநாயக்கவையும் சென்னையையும் ஒரு கோட்டால் இணைத்தால் அந்தக் கோடு யாழ்ப்பாணத்தின் மேலாகவே போகும். அப்படியானால் பலாலியில் ஏறினால் பாதி நேரத்தில் சென்னைக்குப் போய்விடலாமே என்று பலரும் கேட்கிறார்கள்.

முடியாது. கட்டுநாயக்கவில் இருந்து போவது ஏர்பஸ் ஏ320 போன்ற ஜெட் விமானம்; உச்சியில் மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் ஓடும். பலாலிக்கு வந்துபோவது ஏடிஆர் 72 என்ற புரொப்பெல்லர் விமானம். அதன் வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவு. 645 கி.மீ.யை 800ஆல் வகுத்தால் 48 நிமிடம். 355 கி.மீ.யை 500ஆல் வகுத்தால் 43 நிமிடம். இரண்டிலும் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலெழுவது, இறங்க முறை வரும்வரை சுற்றுவது என்று அரை மணித்தியாலம் கூடும். ஆகவே டிக்கெட்டில் இரண்டுக்கும் ஒன்றேகாலில் இருந்து ஒன்றரை மணித்தியாலம் வரை போட்டிருக்கும். தூரம் பாதியாகியும் நேரம் குறையவில்லை.

இலங்கைக்கும் இந்தியாவுக்கும் நேர வித்தியாசம் கிடையாது. புறப்படும் நேரத்தை இறங்கும் நேரத்தில் இருந்து அப்படியே கழித்துப் பார்க்கலாம்.

மலையில் இருந்து இறங்குவது

ஹட்டன் பக்கத்தாருக்கு ஏ7 வீதிதான் வழி: கினிகத்தேனை, கித்துல்கலை, யட்டியாந்தோட்டை, அவிசாவளை. ஹட்டன்–அவிசாவளை 70 கி.மீ. அளவுதான், ஆனாலும் இரண்டேகால் மணித்தியாலத்துக்குக் குறைத்துத் திட்டமிடக் கூடாது. கினிகத்தேனையில் இருந்து கித்துல்கலை வரையான வளைவுகளில் முன்னால் ஒரு லொறி அகப்பட்டால் அதன் வேகமே உங்கள் வேகம்.

அவிசாவளைக்குப் பிறகு செய்யும் தெரிவில் ஒரு மணித்தியாலம் தங்கியிருக்கிறது. வாடகை வானில் (வேன்) போகிறவர்கள் கொழும்புக்குள் நுழையவே கூடாது. ஹன்வெல்லை தாண்டிக் கடுவலையில் வெளிச்சுற்று அதிவேகப் பாதையில் ஏறி, கெரவலப்பிட்டியில் கட்டுநாயக்க அதிவேகப் பாதைக்கு மாறினால் நேரே விமான நிலையம். ஹன்வெல்லை–கடுவலைத் துண்டு காலை ஏழு முதல் ஒன்பது வரையும், மாலை நாலரைக்குப் பிறகும் நெரிசலாக இருக்கும். அந்த நேரத்தில் அங்கே போய்ச் சேராதபடி புறப்பட வேண்டும்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு வேறு வழியில்லை. கொழும்பு புறக்கோட்டை வரை போய், 187 இலக்க விமான நிலைய பஸ்ஸுக்கு மாற வேண்டும். வானை விட ஒன்றரை மணித்தியாலம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் வரை, ஆளுக்கு ஒரு பெட்டியென்றால் பஸ் தாங்கும். நாலு பேர், ஏழெட்டுப் பொதி என்றால் வான் கூலியைப் பங்கிட்டுக்கொள்வதே மேல்.

மஸ்கெலியா, பொகவந்தலாவை, அப்கொட் பக்கம் இருந்து வருகிறவர்கள் ஹட்டன் வரைக்கு முக்கால் முதல் ஒன்றரை மணித்தியாலம் சேர்க்க வேண்டும். தோட்டத்து மேல் டிவிஷன் என்றால் இன்னுமொன்று: மழை பெய்த இரவுக்குப் பிறகு சிறிய வான் அந்தக் கல் ரோட்டில் ஏறாது. பெட்டிகளை முதல் நாள் மாலையே மெயின் ரோட்டுப் பக்கத்து வீட்டிலோ கடையிலோ இறக்கி வைத்துவிட்டால், விடியற்காலையில் ஆட்கள் மட்டும் நடந்து வரலாம். வான் கூரையில் கட்டும் பெட்டிக்கு மேலே பொலித்தீன் விரித்தால் போதாது. அடியிலும் சுற்ற வேண்டும். கித்துல்கலை மழை பக்கவாட்டிலும் அடிக்கும்.

நுவரெலியாக்காரருக்கு இரண்டு வழி. தலவாக்கலை, ஹட்டன் ஊடாக ஏ7. அல்லது றம்பொடை, புசல்லாவை, கம்பளை, பேராதனை ஊடாக ஏ5இல் இறங்கி, கண்டி நகருக்குள் போகாமல் கொழும்பு வீதியைப் பிடிப்பது. இரண்டாவதில் கேகாலை, வரக்காபொல கடந்து, நிட்டம்புவவில் பிரிந்து வேயங்கொடை, மினுவாங்கொடை ஊடாகக் கட்டுநாயக்கவை அடையலாம். இரண்டும் ஐந்து முதல் ஐந்தரை மணித்தியாலம். வாந்தி வரக்கூடிய பிள்ளைகளும் வயதானவர்களும் இருந்தால் றம்பொடை வளைவுகள் கடினம். ஏ7 கொஞ்சம் மென்மை. கண்டியில் இருந்து மூன்று, மூன்றரை மணித்தியாலம்.

ரயிலை நம்பும் பழக்கம் மலையகத்தில் ஆழமானது. ஹட்டனில் ஏறிக் கொழும்பு கோட்டை வரை போகாமல் வேயங்கொடையில் இறங்கினால் ஓட்டோவில் சுமார் 20 கி.மீ.யில் விமான நிலையம். அந்த ரயில் அங்கே நிற்குமா என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்க வேண்டும். ஆனால் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மண்சரிவுகள் மலையகப் பாதையைப் பல இடங்களில் உடைத்துவிட்டன. எந்த நிலையத்துக்கும் எந்த நிலையத்துக்கும் இடையில் ஓடுகிறது என்று புறப்படும் வாரத்தில் கேட்டறியாமல், விமானம் பிடிக்கும் நாளில் ரயிலில் ஏறுவதை நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

எத்தனை மணி விமானம்?

எந்த நகரம் என்பதை விட இந்தக் கேள்விக்கே கூடுதல் கனம். பிற்பகல் 2.30க்கு விமானம் என்று வைப்போம். மூன்று மணித்தியாலம் முன்னால் நிலையத்தில் இருக்க வேண்டும்: 11.30. ஹட்டனில் இருந்து நாலரை மணித்தியாலம்: காலை 7.00. ஹன்வெல்லை நெரிசலின் கடைசிப் பகுதி உட்பட, தடங்கலுக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் 6.00 மணிக்குப் புறப்பாடு. வெளிச்சம் வந்துவிடும், சாரதி தூங்கி எழுந்திருப்பார், வழியில் தேத்தண்ணிக் கடை திறந்திருக்கும்.

அதே கணக்கைக் காலை 7.30 விமானத்துக்குப் போட்டால் முதல் நாள் இரவு 11.00 மணிக்குப் புறப்பட வேண்டும். கினிகத்தேனைப் பனிமூட்டத்தில் பத்து முழம் கூடத் தெரியாத நேரம் அது. மேட்டில் இருந்து மண் சரிந்து வீதியில் கிடந்தால் பக்கத்தில் போன பிறகுதான் கண்ணில் படும். அதிகாலை விமானம் சில ஆயிரம் ரூபாய் மலிவாக இருக்கலாம். அந்த மிச்சம் இரவு வான் கூலியிலோ நீர்கொழும்பில் எடுக்கும் அறையிலோ போய்விடும். ஹட்டனுக்கு மேலே இருப்பவர்கள் நண்பகலுக்குப் பிந்திய விமானத்தைத் தேடுவதே நம் உறுதியான அபிப்பிராயம். கண்டிக்காரருக்கு இந்தக் கட்டுப்பாடு அவ்வளவு இல்லை. விடியும் முன்னரே புறப்பட்டால் காலை பத்து மணி விமானத்தையும் அவர்கள் பிடிக்கலாம்.

திருச்சியா, சென்னையா, மதுரையா?

மலையகத்தாரின் உறவுகள் பெரும்பாலும் திருச்சி, புதுக்கோட்டை, நாமக்கல், சேலம் பக்கத்திலும், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு போய்க் குடியேறிய குடும்பங்கள் நீலகிரியிலும் இருக்கின்றன. இவர்களைப் பார்க்கப் போகிறவருக்குத் திருச்சிதான் வாசல். நிலையமே புதுக்கோட்டை வீதியில் இருக்கிறது. புதுக்கோட்டை 50 கி.மீ.க்குள். மத்திய பஸ் நிலையம் ஆறேழு கி.மீ. நாமக்கல் 90 கி.மீ., சேலம் 140 கி.மீ. அளவு. 2.30க்கு ஏறினால் 3.30க்கு இறங்கி, குடிவரவும் சுங்கமும் முடித்து ஐந்து மணிக்குள் வெளியே வந்து, இரவுச் சாப்பாட்டுக்கு நாமக்கல்லில் இருக்கலாம். ஹட்டன் வாசலில் இருந்து திருச்சி நகர் வரை கூட்டிப் பார்த்தால் பதினொரு மணித்தியாலம். அதில் வானத்தில் இருப்பது ஒன்றே ஒன்று.

அதே ஆள் மலிவு என்று சென்னைக்கு எடுத்தால் என்ன ஆகும்? வானத்தில் இருபது, முப்பது நிமிடம்தான் கூடும். ஆனால் சென்னையில் இருந்து திருச்சிக்கு வீதியால் 330 கி.மீ.; பஸ்ஸில் ஆறு மணித்தியாலம், கிளாம்பாக்கம் பஸ் முனையத்துக்குப் போய்ச் சேரும் நேரம் வேறு. மொத்தம் பதினேழு, பதினெட்டு மணித்தியாலமாகி, வழியில் ஓர் இரவு கழியும். விலை வித்தியாசத்தை அந்த ஆறு மணித்தியாலத்தோடும் பஸ் கட்டணத்தோடும் சேர்த்து எடை போட வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும், சென்னையைத் தள்ளிவிட முடியாத ஒரு காரணம் இருக்கிறது. கொழும்பு–சென்னைக்கு ஒரு நாளில் பல விமானங்கள், ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள். திருச்சிக்கும் மதுரைக்கும் எண்ணிக்கை குறைவு. மண்சரிவால் வீதி அடைபட்டுத் திருச்சி விமானத்தைத் தவறவிட்டால், அடுத்ததுக்கு மறுநாள் வரை காத்திருக்க நேரலாம். சென்னை என்றால் சில மணித்தியாலத்தில் இன்னொன்று இருக்கும். மாற்றுக் கட்டணம் கட்டினாலும் பயணம் நடக்கும். ஆகவே மழை கொட்டும் ஜூன், ஜூலையில் ஹட்டன் பக்கத்தில் இருந்து குறித்த திகதிக்குக் கட்டாயம் போய்ச் சேர வேண்டிய ஒருவர், கல்யாணமோ வைத்தியசாலைத் திகதியோ எதுவானாலும், சென்னையை எடுப்பதில் நியாயம் இருக்கிறது. அல்லது திருச்சிக்கே எடுத்து, முதல் நாளே கீழே இறங்கித் தங்கிவிட வேண்டும்.

சென்னையில் இறங்கித் தெற்கே போகிறவர்கள் எழும்பூர் வரை போய்த் திரும்ப வேண்டாம். விமான நிலையத்தின் எதிரிலேயே திரிசூலம் ரயில் நிலையம். அங்கிருந்து மின்சார ரயிலில் சில நிறுத்தங்கள் போனால் தாம்பரம். தெற்கே போகும் பல விரைவு ரயில்கள் அங்கே நிற்கும். வேலூருக்குச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்குச் சென்னையே சரி. வீதியால் 130 கி.மீ. அளவு, மூன்று மணித்தியாலம். நகருக்குள் போவதானால் மெட்ரோ ரயில் விமான நிலையத்துக்குள்ளேயே வந்து நிற்கிறது.

சென்னையில் இருந்து கோயம்புத்தூருக்கு உள்நாட்டு விமானத்தைத் தனி டிக்கெட்டாக எடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது: பெட்டி தானாக மாறாது. குடிவரவு முடித்து, பெட்டியை எடுத்து, சுங்கம் கடந்து, உள்நாட்டு முனையத்துக்குப் போய் மறுபடி ஒப்படைக்க வேண்டும். இடையில் நாலு மணித்தியாலம் இல்லாமல் அப்படி எடுக்காதீர்கள். முதல் விமானம் தாமதித்தால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது.

நீலகிரிக்கு எந்த வழியும் இலகு இல்லை. திருச்சியில் இருந்து கோயம்புத்தூர் 210 கி.மீ., அங்கிருந்து மேட்டுப்பாளையம், பிறகு மலையேற்றம். கோத்தகிரி என்றால் ஏழெட்டு மணித்தியாலம். கூடலூர் இன்னும் தள்ளி. ஹட்டனில் இருந்து ஒரே நாளில் முடிக்க நினைக்காமல் திருச்சியில் ஓர் இரவு தங்குவதே உடம்புக்கு நல்லது. வயதான அம்மா, அப்பாவோடு போகிறவர்கள் இதில் பிடிவாதமாக இருங்கள்.

மதுரை, இராமேஸ்வரம், பழனி, தேனி பக்கம் போகிறவர்களுக்கும், குமுளி வழியாகச் சபரிமலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்களுக்கும் மதுரை பொருத்தம். வானத்தில் ஒரு மணித்தியாலம், நகருக்கு 12 கி.மீ. விமானம் குறைவு என்பதால் கார்த்திகை, மார்கழியில் இடம் முன்கூட்டியே நிரம்பும்.

பலாலியும் படகும்

யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் 2019 அக்டோபரில் திறக்கப்பட்டது. கொரோனாவில் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டது. 2025 மார்ச் இறுதியில் திருச்சிக்கும் சேவை தொடங்கியது. வடக்கில் இருப்பவர்களுக்கு இது பெரிய வரம். ஹட்டனுக்கு? கண்டிக்கு 75 கி.மீ., அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏ9 வீதியில் 320 கி.மீ., பலாலிக்கு இன்னும் 16 கி.மீ. பத்து மணித்தியாலத்துக்குக் குறையாது. வானத்தில் மிச்சம் பிடிப்பதோ சில நிமிடம். மாத்தளையில் இருப்பவருக்குக் கூடக் கட்டுநாயக்கதான் கிட்ட.

ஒரு நிலைமையில் மட்டும் கணக்கு மாறும். 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். வன்னியில் அப்படி மாமாவோ சித்தியோ இருந்தால், இரண்டு நாள் தங்கி உறவு பார்த்துவிட்டு அப்படியே பலாலியில் ஏறலாம். அப்போது அந்தப் பத்து மணித்தியாலம் வீண் போகாது. ஏடிஆர் விமானத்தில் தலைக்கு மேலே உள்ள தட்டு சிறியது. ஜெட்டில் ஏற்றும் சக்கரப் பெட்டி அதில் நுழையாமல் போகலாம். கைப்பையை மெல்லிய துணிப்பையாக வைத்துக்கொள்ளுங்கள்.

காங்கேசன்துறை–நாகப்பட்டினம் படகு 2023 அக்டோபரில் தொடங்கியது. கடலில் சுமார் 110 கி.மீ., நாலு மணித்தியாலம். வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் போகிறவர்களுக்கு இறங்கும் இடமே கோயில் வாசல் மாதிரி. வேளாங்கண்ணி 12 கி.மீ.தான். ஆனால் வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்தால் சேவை நிற்கும். போக வர இரண்டுக்கும் படகையே நம்பி, திரும்பும் திகதியில் வேலைக்குச் சேர வேண்டியவர் போகக் கூடாது. மின்விசாவில் போகிறவர்கள் அந்த விசாவோடு இறங்க அனுமதியுள்ள துறைமுகப் பட்டியலில் நாகப்பட்டினம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். ஐயமிருந்தால் கண்டியில் உள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் கேட்கலாம்.

ஊவாக்காரருக்கு

பண்டாரவளை, ஹப்புத்தளை, பதுளை மக்களுக்கு வழக்கமான வழி பெரகலை, பலாங்கொடை, இரத்தினபுரி, அவிசாவளை. பண்டாரவளையில் இருந்து ஆறு, ஆறரை மணித்தியாலம். மற்றொரு வழி பலருக்குத் தோன்றுவதில்லை: வெல்லவாயாவுக்கு இறங்கி, மத்தளையில் தெற்கு அதிவேகப் பாதையில் ஏறி, வெளிச்சுற்றுப் பாதை ஊடாகக் கட்டுநாயக்க வரை சிக்னலே இல்லாமல் போவது. தூரம் 350 கி.மீ.யைத் தாண்டும், சுங்கக் கட்டணமும் டீசலும் கூடும். ஆனால் நேரம் ஏறக்குறைய அதே. ஹல்துமுல்லைப் பக்கம் வீதி அடைபட்டால் இதுவே கைகொடுக்கும். அதிலும் எல்ல–வெல்லவாய இறக்கம் மழைக்குச் சரியக்கூடியது. மத்தளையிலேயே விமான நிலையம் இருந்தும், அங்கிருந்து திருச்சிக்கோ சென்னைக்கோ வழக்கமான நேரடிச் சேவை இல்லை.

மழை இரண்டு பக்கமும் ஒரே காலத்தில் அடிப்பதில்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை வட்டவளை, கினிகத்தேனை, ஹட்டன் சரிவுகளில் கொட்டும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை பதுளைப் பக்கத்தின் முறை. அக்டோபர், நவம்பரில் எல்லாப் பக்கமும் ஆபத்து. சென்னையிலும் அதுவே புயல் காலம், விமானங்கள் தாமதிக்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிலைகளில் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடும். உங்கள் வழியில் உள்ள பிரிவு ஒன்றுக்கு இரண்டாம் நிலை வந்துவிட்டால் ஒரு நாள் முன்னதாக இறங்கிவிடுங்கள். வீதி நிலைமைக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைக்கலாம். டிசம்பர் பௌர்ணமி முதல் மே வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவம். வார இறுதிகளில் ஹட்டன் நகரைக் கடக்கவே அரை மணித்தியாலம் போகும். ஏப்ரலில் நுவரெலியாவும் அப்படித்தான்.

திரும்பி வரும்போது

போகும் விமானத்துக்கு இவ்வளவு யோசிப்பவர்கள் திரும்பும் நேரத்தைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். இரவு எட்டு மணிக்குப் பிறகு கட்டுநாயக்கவில் இறங்கினால், பெட்டி எடுத்து வெளியே வரும்போது ஒன்பதரை. அப்போது வான் பிடித்தால் ஹட்டனுக்கு இரவு இரண்டு மணி. கித்துல்கலைக்கு மேலே பனிமூட்டத்தில் மலையேற்றம், பகல் முழுதும் ஓடிய சாரதி. புறக்கோட்டைக்குப் போய் பஸ் தேடுவது பொதிகளோடு அதை விடச் சிரமம். நண்பகலுக்கு முன்னால் இறங்கும் விமானமே மலையகத்தாருக்கு உகந்தது; மாலை வெளிச்சத்திலேயே கினிகத்தேனையைக் கடந்துவிடலாம். அது கிடைக்காவிட்டால், நீர்கொழும்பில் படுத்துக் காலை ஐந்தரைக்குப் புறப்படுங்கள். ஹன்வெல்லை நெரிசல் பெரும்பாலும் கொழும்பை நோக்கித்தான் இருக்கும், நீங்கள் எதிர்த்திசையில் போவீர்கள். சேலைக் கட்டும் எவர்சில்வர் சாமானும் வாங்கிய பெட்டியை அக்கரையில் புறப்படும் முன்பே எடை பார்த்துவிடுங்கள். கவுண்டரில் கூடுதல் எடைக்குக் கேட்கும் பணம், அந்தச் சாமான் விலையை விடக் கூடுதலாகவே இருக்கும்.